பிஎல்சியின் எண்ணை 4–20 மில்லிஅம்பியராக மாற்றுவது எப்படி

பம்பை 30 ஹேர்ட்ஸில் ஓட்டச் சொல்லித் திரையில் அடிக்கிறீர்கள், பம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற விஎஃப்டி 25இல் ஓடுகிறது. 50 என்று அடித்தால் சரியாக 50 வருகிறது. பூச்சியம் அடித்தால் சிக்னல் இல்லை என்று தவறு காட்டி நிற்கிறது. உடனே விஎஃப்டியைக் கழற்றிக்கொண்டு ரவுணுக்கு ஓட வேண்டாம், அது நல்லாகத்தான் இருக்கிறது. ஆலையை இயக்குகிற சிறு கணினியான பிஎல்சி அனுப்பிய எண்ணுக்கு, அதைக் கரண்டாக மாற்றுகிற மொடியூல் ஒரு அர்த்தம் எடுத்திருக்கிறது, வந்த கரண்டுக்கு விஎஃப்டி வேறு அர்த்தம் எடுத்திருக்கிறது. எங்கள் பக்கத்து ஐஸ் ஆலைகளிலும் சிறிய குடிநீர் ஆலைகளிலும் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற பழுது இதுதான். தொழில்நுட்பக் கல்லூரி முடித்துவிட்டு வருகிற தம்பி தங்கைகளுக்கு பிஎல்சிக்கான லாடர் புரோகிராம் எழுத நன்றாக வருகிறது, ஆனால் இந்த ஒரு இடத்தில் கால் தடுக்குகிறது. அதனால் இதை ஆற அமர எழுதுகிறேன், ஒரு கொப்பியையும் பேனையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் விளங்க வேண்டியது, பிஎல்சியின் நினைவகத்தில் இருப்பது வெறும் முழு எண். அதற்கு ஹேர்ட்ஸும் தெரியாது, மில்லிஅம்பியரும் தெரியாது. அனலொக் வெளியீட்டு மொடியூல் அந்த எண்ணை எடுத்துத் தன் வழக்கப்படி ஒரு கரண்டாக மாற்றி வயரில் தள்ளும். அந்த வழக்கம் கொம்பனிக்குக் கொம்பனி வேறு, ஒரே கொம்பனியிலேயே மாதிரிக்கு மாதிரி வேறு. சீமென்ஸ் எஸ்7 குடும்பத்தில் முழு அளவுக்கு 27648. மொடியூலை 4–20 என்று செற் பண்ணியிருந்தால் 0 போட்டால் 4 மில்லிஅம்பியர், 27648 போட்டால் 20. அலன்-பிராட்லி எஸ்எல்சி 500இன் 1746-என்ஓ4ஐ மொடியூல் அப்படியில்லை. அதில் 4 மில்லிஅம்பியருக்கு 6242, 20க்கு 31208, பூச்சியம் போட்டால் பூச்சியம் மில்லிஅம்பியர்தான் வரும். மிற்சுபிசி எஃப்எக்ஸ்3யு-4டிஏ மொடியூலில் 0 முதல் 32000 வரை. 12 பிட் மொடியூல்கள் பலவற்றில் 0 முதல் 4000 வரை. ஒன்றின் எண்ணை இன்னொன்றில் போட்டால் என்ன நடக்கும் என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம். ஆகவே மனுவலைத் திறந்து கீழ்முனைக்கு எந்த எண், மேல்முனைக்கு எந்த எண் என்று இரண்டை மட்டும் தேடிக் கொப்பியில் எழுதுங்கள். இணையத்தில் யாரோ எழுதியதையோ போன வேலையின் புரோகிராமையோ நம்பிப் போடாதீர்கள், கையில் இருக்கிற மொடியூலின் மாதிரி இலக்கத்தைப் பார்த்து அதற்குரிய மனுவலில் இருந்துதான் எடுக்க வேண்டும்.

சரி, ஏன் 4இல் தொடங்க வேண்டும், பூச்சியத்தில் தொடங்கினால் என்ன? பூச்சியத்தில் தொடங்கினால் வயர் அறுந்ததும் பூச்சியம்தான், பம்பை நிறுத்து என்பதும் பூச்சியம்தான், இரண்டையும் பிரித்து அறிய வழியில்லை. 4இல் தொடங்கினால் 4 என்பது உயிரோடு இருக்கிற பூச்சியம், அதற்குக் கீழே போனால் வயரிலோ மொடியூலிலோ கோளாறு. நாமூர் என்ற தன்னியக்கத் தொழில்நுட்பப் பயனாளர் சங்கத்தின் என்ஈ43 பரிந்துரை உணரிகளுக்கு 3.8 முதல் 20.5 வரை அளவீடு என்றும், 3.6க்குக் கீழேயும் 21க்கு மேலேயும் போனால் பழுது என்றும் வரையறுக்கிறது. சோளகக் காற்றில் உப்பு வந்து செம்புக் கம்பியைப் பச்சை பூக்க வைக்கிற எங்கள் கரையோரத்தில் இந்த 4 மில்லிஅம்பியர் எவ்வளவு பெரிய காவல் என்று வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

இனிக் கணக்கு. பள்ளிக்கூடத்தில் சென்ரிகிரேட்டைப் பரனைற்றாக மாற்றியது நினைவிருக்கிறதா? ஒரு பக்கம் 0 முதல் 100, மறுபக்கம் 32 முதல் 212, நடுவில் ஒரு நேர்கோடு. 32ஐக் கூட்ட மறந்தவருக்கு விடை பிழைக்கும். இங்கேயும் அதே கணக்குத்தான், 32 இருந்த இடத்தில் 4 இருக்கிறது. நேர்கோட்டுக்கு இரண்டு புள்ளி போதும், அந்த இரண்டும் தெரிந்தால் நடுவில் எதையும் கண்டுபிடிக்கலாம்:

எண் = கீழ்எண் + (மதிப்பு − கீழ்மதிப்பு) × (மேல்எண் − கீழ்எண்) ÷ (மேல்மதிப்பு − கீழ்மதிப்பு)

மதிப்பு என்றால் உங்களுக்கு வேண்டிய ஹேர்ட்ஸ், பார், விழுக்காடு, எதுவானாலும். எண் என்றால் மொடியூலுக்குப் போவது. 0–50 ஹேர்ட்ஸ் விஎஃப்டிக்கு 30 ஹேர்ட்ஸ் வேண்டும் என்றால், சீமென்ஸில் 0 + 30 × 27648 ÷ 50, அதாவது 16588.8, கிட்டிய முழு எண் 16589. என்ஓ4ஐ மொடியூலில் 6242 + 30 × 24966 ÷ 50, அதாவது 21221.6, ஆகவே 21222. எஃப்எக்ஸ்3யு என்றால் 19200, 4000 மொடியூல் என்றால் 2400. நான்கும் வேறு வேறு எண்கள், ஆனால் வயரில் போவது ஒரே 13.6 மில்லிஅம்பியர், ஏனென்றால் 60 விழுக்காட்டுக்கு 4 + 16 × 0.6. இந்த 13.6ஐத்தான் முதலில் கணித்துக் கொப்பியில் எழுத வேண்டும், எண் சரியா பிழையா என்று சொல்லப்போவது இதுதான்.

விஎஃப்டி பக்கமும் ஒருமுறை பாருங்கள். சில இடங்களில் பம்பு 20 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஓடக்கூடாது என்று 4 மில்லிஅம்பியருக்கு 20 ஹேர்ட்ஸ் என்று செற் பண்ணியிருப்பார்கள். அப்போது கீழ்மதிப்பு 20, மேல்மதிப்பு 50. அதே 30 ஹேர்ட்ஸுக்கு இப்போது 10 × 27648 ÷ 30, அதாவது 9216, கரண்ட் 9.33. இதைப் பார்க்காமல் 16589 அனுப்பினால் பம்பு 38 ஹேர்ட்ஸில் ஓடும். வால்வு தலைகீழாக வேலை செய்கிறது, 20 மில்லிஅம்பியரில் மூடும் என்றாலும் வாய்பாடு மாறாது, கீழ்எண் இருந்த இடத்தில் 27648ஐயும் மேல்எண் இருந்த இடத்தில் 0ஐயும் போட்டால் கணக்குத் தானாகத் திரும்பிவிடும்.

எஸ்7-1200இல் இதற்கென்றே இரண்டு கட்டளைகள் இருக்கின்றன, நோர்ம்-எக்ஸும் ஸ்கேல்-எக்ஸும். முதலாவது 30.0ஐ 0.0–50.0 என்ற எல்லைக்குள் வைத்து 0.6 ஆக்கும், இரண்டாவது அந்த 0.6ஐ 0–27648இல் வைத்து 16589 ஆக்கும். அழகாக இருக்கும், ஆனால் இந்த இரண்டும் எல்லையைத் தாண்டவிடும், அதைக் கவனியுங்கள். யாராவது திரையில் 55 என்று அடித்தால் 0.6 இருந்த இடத்தில் 1.1 வரும், எண் 30413 ஆகும், கரண்ட் 21.6க்குப் போகும், எதிரே இருக்கிற கருவி அதைப் பழுது என்று எடுத்துக்கொள்ளலாம். சீமென்ஸில் 32511 வரைக்கும் மொடியூல் மறுப்புச் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும், அதுவே 22.81 மில்லிஅம்பியர். அதனால் கணக்குக்கு முன்னே மதிப்பை 0க்கும் 50க்கும் இடையில் பூட்டுங்கள், கணக்குக்குப் பின்னே எண்ணையும் ஒருமுறை பூட்டுங்கள். இரண்டு வரி அதிகம்தான், அந்த இரண்டு வரி இல்லாத புரோகிராமை நான் முடிந்த வேலை என்று கையெழுத்து வைப்பதில்லை.

தசம எண் தெரியாத பழைய பிஎல்சி என்றால் வேறொரு பொறி இருக்கிறது. முழு எண்ணில் 30ஐ 50ஆல் வகுத்தால் விடை பூச்சியம், 0.6 என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. அப்புறம் அதை 27648ஆல் பெருக்கினாலும் பூச்சியம்தான், பம்பு அசையாது. ஆகவே முதலில் பெருக்குங்கள், பிறகு வகுங்கள். ஆனால் பெருக்கினால் 829440 வருகிறது, 16 பிட் எண்ணின் உச்சமோ 32767. சில பிஎல்சி அந்த உச்சத்திலேயே பிடித்து நிறுத்திப் பிழைக் கொடியைத் தூக்கும். சிலதில் சுற்றிக்கொண்டு வந்து −22528 என்று நிற்கும், அதை 50ஆல் வகுத்தால் −450, நீங்கள் எங்கே பிழைத்தோம் என்று ஒரு பகல் முழுக்கத் தேடுவீர்கள். 32 பிட் பெருக்கலும் வகுத்தலும் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், விடையை மட்டும் 16 பிட்டுக்கு இறக்குங்கள். இன்னொரு வழி, மதிப்பையே ஹேர்ட்ஸின் நூறில் ஒரு பங்காக வைத்துக்கொள்வது, 30.00 ஹேர்ட்ஸ் என்றால் 3000. அப்போது கால் ஹேர்ட்ஸ் அரை ஹேர்ட்ஸ் எல்லாம் தொலையாது, ஆனால் பெருக்கல் இன்னும் பெரிதாகும், அதனால் 32 பிட் கட்டாயம்.

12 பிட் மொடியூல் என்றால் நுணுக்கம் போதாதோ என்று சிலர் கவலைப்படுவார்கள். 16 மில்லிஅம்பியரை 4000 படியாகப் பிரித்தால் ஒரு படி 4 மைக்ரோஅம்பியர், 50 ஹேர்ட்ஸில் ஒரு படி 0.0125 ஹேர்ட்ஸ். தண்ணீர் இறைக்கிற பம்புக்கு இது தாராளம். காசை மொடியூலில் போடுவதற்கு முன் நல்ல கேபிளில் போடுங்கள்.

மீற்றர் வைத்துப் பார்ப்பது

புரோகிராம் எழுதி முடிந்தவுடன் பம்பை ஓட்டிப் பார்க்க எல்லோருக்கும் கை துடிக்கும், கொஞ்சம் பொறுங்கள். விஎஃப்டிக்குப் போகிற வயர் ஒன்றைக் கழற்றி மல்ரிமீற்றரை இடையில் தொடராக வையுங்கள், கறுப்புக் கம்பி பொதுத் துளையில், சிவப்பு மில்லிஅம்பியர் துளையில். வோல்ற்றுப் பார்த்த பழக்கத்தில் மில்லிஅம்பியர் துளையில் கம்பி இருக்கும்போதே மின்வழங்கியின் இரண்டு முனைக்குக் குறுக்கே வைத்தால் மீற்றரின் பியூஸ் போய்விடும், அதன்பிறகு நீங்கள் எங்கே வைத்தாலும் பூச்சியம் காட்டும், மொடியூல் பழுது என்று நினைப்பீர்கள். வேலை முடிந்ததும் சிவப்புக் கம்பியை வோல்ற்றுத் துளைக்கு மாற்றிவிட்டே மீற்றரைப் பெட்டியில் வையுங்கள்.

பிறகு கணக்குப் பகுதியை விலக்கிவிட்டு மொடியூலுக்கு நேரடியாக எண்ணைப் போடுங்கள். சீமென்ஸ் என்றால் 0, 6912, 13824, 20736, 27648. வர வேண்டியது 4, 8, 12, 16, 20. ஐந்தும் வந்தால் மொடியூலும் வயரும் சரி. அடுத்ததாகக் கணக்கைத் திரும்ப இணைத்துத் திரையில் 0, 12.5, 25, 37.5, 50 அடியுங்கள், மீற்றரில் அதே ஐந்து வர வேண்டும். அதுவும் வந்தால் புரோகிராம் சரி. கடைசியாக மீற்றரை எடுத்துவிட்டு வயரைப் பூட்டி விஎஃப்டியின் திரையில் அதே ஐந்தைப் பாருங்கள். இந்த வரிசையில் போனால் பழுது எந்தத் துண்டில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துகொண்டே வரும், எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டிவிட்டுப் பிறகு தேடினால் ஆளுக்கு ஆள் ஒரு காரணம் சொல்வார்கள்.

ஐந்து புள்ளியிலும் பார்க்கச் சொல்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத் தீவகத்தில் ஒரு சிறிய குடிநீர் ஆலைக்குக் கூப்பிட்டார்கள், காலையில் வருகிற தண்ணீரில் குளோரின் மணம் தாங்க முடியவில்லை, பிள்ளைகள் குடிக்க மறுக்கிறார்கள் என்று. பகலில் எடுத்த தண்ணீர் மாதிரி அவ்வளவு மோசமில்லை, அதனால் குளோரின் மருந்தின் செறிவில்தான் பிழை என்று அதையே மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். நான் போய் மருந்துப் பம்புக்குப் போகிற வயரில் மீற்றரை வைத்தேன், தண்ணீர் ஓடாதபோது சரியாக 4.00. அதாவது பிஎல்சி மருந்து வேண்டாம் என்கிறது. பம்பு மட்டும் டிக், டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. பம்பின் செற்றிங்கைத் திறந்தால் 0–20 என்று இருந்தது. 4 மில்லிஅம்பியர் அதற்கு 20 விழுக்காடு, இரவு முழுக்கத் தண்ணீர் ஓடாத குழாயில் மருந்து விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. பூட்டியவர்கள் சோதிக்கவில்லை என்று சொல்ல முடியாது, முழு வேகத்தில் சோதித்திருக்கிறார்கள், முழு வேகத்தில் இரண்டு பக்கமும் 20தான், எந்தக் குறையும் தெரியாது. பாதியில் பார்த்திருந்தால் 12 மில்லிஅம்பியரைப் பம்பு 60 விழுக்காடு என்று எடுப்பது தெரிந்திருக்கும். செற்றிங்கை 4–20 என்று மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் ஊர்ச்சனம், கிணறு உவராகிப்போனதால் இந்த ஆலையை நம்பியிருந்தவர்கள். அன்றிலிருந்து நான் கீழ்முனையில் இருந்துதான் சோதிக்கத் தொடங்குவேன்.

இதை அப்படியே திருப்பினால் நான் தொடக்கத்தில் சொன்ன பழுது. மொடியூல் 0–20, விஎஃப்டி 4–20. 60 விழுக்காட்டுக்கு மொடியூல் 12 மில்லிஅம்பியர் தருகிறது, விஎஃப்டிக்கு 12 என்றால் பாதி, ஆகவே 25 ஹேர்ட்ஸ். பூச்சியத்தில் கரண்டே இல்லை, ஆகவே தவறு. மேல்முனை சரி, கீழே போகப்போகப் பிழை கூடுகிறது என்றால் 0–20க்கும் 4–20க்கும் இடையிலான குழப்பம்தான், கண்ணை மூடிக்கொண்டு அங்கே பாருங்கள்.

கீழே எல்லாம் சரி, மேலே மட்டும் ஏற மறுத்து 16, 17இல் நிற்கிறது என்றால் அது வேறு நோய், லூப்பில், அதாவது கரண்ட் சுற்றி வருகிற பாதையில், தடை கூடிவிட்டது. மொடியூலால் குறிப்பிட்ட ஒரு வோல்ற்று வரைக்கும்தான் தள்ள முடியும். சீமென்ஸ் எஸ்எம் 1232க்கு 600 ஓம் வரை என்று போட்டிருக்கிறது, 20 மில்லிஅம்பியரில் அது 12 வோல்ற்று. விஎஃப்டியின் உள்ளீடு 250 ஓம், அதற்குத் தொடராகப் பலகையில் ஒரு காட்டி 250 ஓம், பிறகு யாரோ பதிவுக்கருவி ஒன்றையும் இணைத்து இன்னொரு 250 என்றால் 750 ஆகிவிட்டது. வயரின் நீளத்தைப் பலரும் குற்றம் சொல்வார்கள், ஆனால் அரை சதுர மில்லிமீற்றர் செம்புக் கம்பி 300 மீற்றர் போய்த் திரும்பினாலும் இருபத்திச் சொச்சம் ஓம்தான். காட்டியையும் பதிவுக்கருவியையும், சிக்னலைத் தனியாகப் பிரித்துக் கொடுக்கிற ஒரு ஐசோலேற்றருக்குப் பின்னால் போடுங்கள், தீர்ந்துவிடும்.

எந்தப் புள்ளியிலும் கரண்டே வரவில்லை, அல்லது சம்பந்தமில்லாத ஒரு எண்ணில் அசையாமல் நிற்கிறது என்றால் இரண்டு பக்கமும் மின்சாரம் தள்ளுகிறதா என்று பாருங்கள். மொடியூல் தானே 24 வோல்ற்றில் இருந்து கரண்டைத் தள்ளுகிற வகை என்றால் எதிரே இருப்பது வாங்குகிற வகையாக இருக்க வேண்டும். இரண்டும் தள்ளினால் முட்டிக்கொள்ளும், இரண்டும் வாங்கக் காத்திருந்தால் வெளியே இருந்து ஒரு மின்வழங்கி வைத்தாக வேண்டும்.

எண் நிலையாக இருக்க, மீற்றரில் கடைசி இலக்கங்கள் ஆடுகின்றன என்றால் விஎஃப்டியின் இரைச்சல். சிக்னல் வயரை மோட்டர் கேபிளோடு ஒரே குழாயில் இழுக்காதீர்கள், முறுக்கிய, உறை போட்ட கேபிள் போடுங்கள், உறையைப் பலகைப் பக்கம் ஒரு முனையில் மட்டும் பூமியோடு இணையுங்கள். அந்தப் பூமி நல்ல பூமியாக இருக்க வேண்டும். எங்கள் நிலம் மேலே கொஞ்ச மண், கீழே சுண்ணாம்புக்கல், கோடையில் காய்ந்தால் பூமித் தடை ஏறிவிடும், மாரியில் அளந்த எண்ணை வைத்து ஆறுதல் அடையாதீர்கள்.

மின்வெட்டும் மீள்வரவும்

கரண்ட் போய்த் திரும்பி வரும்போது என்ன நடக்கும் என்பதைப் புரோகிராமிலும் மொடியூலின் செற்றிங்கிலும் நீங்களே முடிவு செய்ய வேண்டும். பிஎல்சி நின்றுவிட்டால் வெளியீடு கடைசியாக இருந்த கரண்டைப் பிடித்துக்கொண்டிருப்பதா, நீங்கள் சொன்ன ஒரு எண்ணுக்குப் போவதா என்று பல மொடியூல்களில் தேர்வு செய்யலாம். மருந்துப் பம்புக்குக் கடைசி மதிப்பைப் பிடித்துவைப்பது ஆபத்து, அதற்குக் கீழ்எண்ணைக் கொடுங்கள். ஐஸ் ஆலையில் கொன்டென்சருக்குத் தண்ணீர் விடுகிற வால்வு என்றால் திறந்த நிலையே பாதுகாப்பு. விஎஃப்டியிலும் 4 மில்லிஅம்பியர் இல்லாமல் போனால் நிற்பதா, கடைசி வேகத்தில் ஓடுவதா என்ற செற்றிங் இருக்கும், அது பலவேளை பெட்டியில் வந்த நிலையிலேயே கிடக்கும், போய்ப் பாருங்கள். பார்த்தது போதாது, பலகையின் பிரேக்கரை உண்மையிலேயே இறக்கி ஏற்றிச் சோதியுங்கள், சிக்னல் வயரையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

சிறு பிழை திருத்துவது பற்றி ஒரு வார்த்தை. 0 போட்டால் 4.02, 27648 போட்டால் 19.94 வருகிறது என்று வையுங்கள். வாய்பாட்டில் இருக்கிற இரண்டு எண்ணை மட்டும் மாற்றினால் போதும், கீழ்எண்ணை −35, மேல்எண்ணை 27752 என்று வைத்தால் இரண்டு முனையும் ஒழுங்காகிவிடும். எண்ணைப் பூட்டியிருக்கிற எல்லையையும் அதற்கேற்ப விரிக்க மறக்காதீர்கள். ஆனால் அதற்கு முன் உங்கள் மீற்றர் எவ்வளவு நம்பிக்கையானது என்று கேளுங்கள். ஒரு விழுக்காடு துல்லியம் உள்ள மலிவு மீற்றர் 20 மில்லிஅம்பியரில் 0.2 வரை பிழைக்கலாம், அதை வைத்து 0.06ஐத் திருத்தப் போனால் சரியாக இருந்த மொடியூலைக் கெடுத்ததாக முடியும். நல்ல அளவுகருவி கையில் இருந்தால் திருத்துங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கடைசி வேலை, ஒரு தாள். மொடியூலின் மாதிரி இலக்கம், 4–20 என்ற செற்றிங், கீழ்எண், மேல்எண், கீழ்மதிப்பு, மேல்மதிப்பு, ஐந்து புள்ளியிலும் அளந்த கரண்ட், எந்த மீற்றர், எந்தத் தேதி. பிளாஸ்ரிக் உறையில் போட்டுப் பலகைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். மொடியூல் எரிந்து கொழும்பில் இருந்து வேறு மாதிரி வந்து இறங்குகிற நாளில், நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும், அங்கே நிற்கிற பொடியன் அதைப் பார்த்து இரண்டு எண்ணை மாற்றித் தண்ணீரைத் திறந்துவிடுவான்.